யாருடைய மறதி நோயாகிறது?

1

தென்னிந்திய சினிமாவில் மறதிநோய்க்கு இப்போது ஒரு முகம் இருக்கிறது. 2005இல் வந்த மலையாளப் படமான 'தன்மாத்ரா'வில் அந்த முகம் மோகன்லாலுடையது. தலைமைச் செயலகத்தில் வேலை, மகனை ஐ.ஏ.எஸ். ஆக்கும் கனவு, பிறகு கொஞ்சங்கொஞ்சமாக எல்லாம் உதிர்வது. 2015இல் மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் அது லீலா சாம்சன் முகம். கர்நாடக இசைப் பாடகியாக இருந்தவர், வழி தெரியாமல் வீதியில் நிற்கிறார். கணவர் தேடி அழைத்து வருகிறார். 2016இல் கன்னடத்தில் வந்த 'கோதி பண்ண சாதாரண மைகட்டு' 2018இல் '60 வயது மாநிறம்' என்று தமிழாகியது. அதில் காப்பகத்திலிருக்கும் தந்தை காணாமல்போகிறார், நகரத்து மகன் தேடி அலைகிறான்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. இழக்கப்படும் நினைவுக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பு இருந்திருக்கிறது. கோப்பைக் கையாண்ட நினைவு, ராகத்தை வைத்திருந்த நினைவு, படித்த பிள்ளைக்கு அப்பாவாக இருந்த நினைவு. அது போகும்போது பார்வையாளர் அழுகிறார். சரி, அழட்டும். நான் கேட்பது வேறு. களத்துமேட்டில் நெல் அளந்தவளின் நினைவு போனால் அது எந்தப் படத்தில் வருகிறது?

அவளும் அவனும் வேறு படங்களில் வருகிறார்கள். பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' (2018), மதுமிதாவின் 'கே.டி. (எ) கருப்புதுரை' (2019). இரண்டுமே தலைக்கூத்தலைப் பற்றியவை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, படுக்கையில் கிடக்கும் முதியவரை முடித்துவைக்கும் வழக்கம். இவை மறதிநோயைப் பற்றிய படங்கள் அல்ல. அப்படிச் சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் இந்த வேலைப்பிரிவினையைக் கவனியுங்கள். மேலே இருப்பவருக்கு நோய் வருகிறது. கீழே இருப்பவர் 'பாரம்' ஆகிறார். ஒருவருக்கு மனம் இருக்கிறது, அது சிதைகிறது. இன்னொருவருக்கு உடல் மட்டும்தான், அது கனக்கிறது. மனநல சிகிச்சை என்கிற கேள்வி முதலாமவர் வீட்டில்தான் எழும். இரண்டாமவர் வீட்டில் எழுவதே இல்லை.

அல்சைமர் நோய்க்கு நம் ஊரில் சிகிச்சை தேடுவது பற்றிப் பேச வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்பதெல்லாம் பிறகு. யாருடைய மறதி நோய் என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பது முதல் கேள்வி.

2

இந்த நோயின் பிறப்பே ஒரு விடுதியில்தான் நடந்தது. 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மனநோய் விடுதியில் அகுஸ்தெ டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்படுகிறாள். கணவர் ரயில்வேயில் எழுத்தர். பெயரைக் கேட்டால் சொல்கிறாள், கணவர் பெயரைக் கேட்டாலும் தன் பெயரையே சொல்கிறாள். கேள்வி கேட்டு, பதிலை வரிவரியாக எழுதிவைத்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906இல் அவள் இறந்தபின் மூளையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். படிவுகளும் நார்முடிச்சுகளும் தெரிகின்றன. 1910இல் எமில் கிரேப்பலின் தன் பாடநூலில் இதற்கு 'அல்சைமர் நோய்' என்று பெயர் வைக்கிறார்.

இந்தப் பெயர் வைக்கப்பட்டபோது அது கிழவர்களின் நோய் அல்ல. வயதாகும் முன்பே வந்துவிட்ட மறதி என்பதால்தான் அது நோயாயிற்று. எழுபது வயதில் மறந்தால் அது முதுமை, ஐம்பதில் மறந்தால் அது நோய். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கோடு இருந்தது. 1976இல் அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு தலையங்கத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று வாதிட்டார். இரண்டு வகையினர் மூளையிலும் ஒரே மாற்றங்கள்தான் என்னும்போது வயதை வைத்துப் பிரிப்பதற்குப் பொருளில்லை என்றார். அரிய நோய் ஒன்று பெரும் உயிர்க்கொல்லிகளின் வரிசைக்கு வந்தது. பணம் வந்தது, ஆராய்ச்சி வந்தது, நோயாளியின் குடும்பங்கள் அமைப்பாகத் திரண்டன.

இந்த வரலாற்றைப் படிக்கும் சிற்றிதழ் வாசகருக்கு உடனே ஃபூக்கோ நினைவுக்கு வருவார். 1961இல் அவர் எழுதிய பைத்தியத்தின் வரலாறு நம் பக்கங்களில் எத்தனை முறை சுருக்கித் தரப்பட்டிருக்கிறது! மனநோய் என்பது கட்டமைக்கப்பட்டது, மருத்துவரின் பார்வையே அதிகாரம், விடுதி என்பது சிறை. இந்தச் சூத்திரத்தை இங்கே அப்படியே ஒட்டினால், 'முதுமையை நோயாக்கும் மருத்துவ அதிகாரம்' என்று ஒரு கட்டுரை சுலபமாக எழுதிவிடலாம்.

அந்தக் கட்டுரை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர் எடுத்த முடிவு என்பதால் மூளையிலுள்ள படிவு பொய்யாகிவிடாது. அதைவிட முக்கியம், அதிகாரம் இங்கே வேலைசெய்யும் முறை வேறு. பிடித்து அடைத்துப் பார்த்துப் பதிவுசெய்வது பாரீசின் கதை. பார்க்காமல் விடுவது, பதியாமல் விடுவது, 'வயசாயிடுச்சு' என்று திருப்பி அனுப்புவது நம் கதை. சென்னையில் 1794இலேயே பைத்தியக்கார விடுதி வந்துவிட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. ஆனால் அந்த ஊர்ப் பெயர் ஒரு வசவாக மக்களிடம் வந்து சேர்ந்த அளவுக்கு அங்கே கிடைத்த வைத்தியம் வந்து சேரவில்லை. மருத்துவப் பார்வையே படாத உடலுக்கு 'மருத்துவப் பார்வையிலிருந்து விடுதலை' என்று எதைக் கொடுக்கப்போகிறோம்?

3

பார்க்காமல் விடுவதற்கு என்ன சாட்சி என்று கேட்கலாம். ஒரு எண் இருக்கிறது.

1998இல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக்குழு உருவானது. மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில். அவர்களைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சியோ 10 சதவீதத்துக்கும் குறைவு. பெயருக்கு அர்த்தம் இதுதான். இந்தியாவில் இரண்டு இடங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்ப் பகுதி. முடிவுகள் 2008இல் 'லான்செட்' இதழில் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 'டி.எஸ்.எம்.-4' அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்தியக் கிராமத்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரில் வெறும் 0.3 சதவீதம் பேருக்குத்தான் மறதிநோய். அதே அளவுகோலில் கியூபாவில் 6.3 சதவீதம்.

நம் கிராமத்துக் கிழவர்கள் இருபது மடங்கு ஆரோக்கியமா? கம்பும் கேழ்வரகும் தின்றதாலா? கூட்டுக்குடும்பத்தாலா? இப்படிப் பெருமைப்பட்டுக்கொள்ள ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் குழுவே எழுத்தறிவில்லாதோரையும் கணக்கில்கொண்டு தயாரித்த வேறோர் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது இந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் போய்விட்டது. எல்லா நாட்டு மையங்களும் 5.6இலிருந்து 11.7 சதவீதத்துக்குள் வந்துவிட்டன.

முதல் அளவுகோலில் என்ன கோளாறு? அது ஒரு நிபந்தனை வைக்கிறது. மறதியால் அந்த மனிதரின் வேலையோ சமூக வாழ்க்கையோ முன்பைவிடக் கெட்டிருக்க வேண்டும், அதை வீட்டிலுள்ளவர் சொல்லவும் வேண்டும். இப்போது ஒரு திண்ணையை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் வீடு என்ன எதிர்பார்க்கிறது? வங்கிக்குப் போவதில்லை, வண்டி ஓட்டுவதில்லை, கணக்கு எழுதுவதில்லை. சோறு போட்டால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். 'முன்னைக்கு இப்போ ஏதாவது கொறஞ்சிருக்கா?' என்று கேட்டால், 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வயசுக்குத் தக்கன இருக்கு' என்பார்கள். பொய் இல்லை. எதுவுமே எதிர்பார்க்கப்படாதவரிடம் எதுவும் குறைவதில்லை. நான் வாசித்த வரையில் நம் சமூகம் முதியோரை, குறிப்பாக ஏழை மூதாட்டியை, எங்கே வைத்திருக்கிறது என்பதற்கு இந்த 0.3ஐவிடத் துல்லியமான சமூகவியல் கூற்று கிடையாது.

சோதனைத் தாளிலும் இதே சிக்கல். உலகெங்கும் புழங்கும் சிறு மனநிலைத் தேர்வு 1975இல் அமெரிக்காவில் தயாரானது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பென்சிலே பிடிக்காத கை ஐங்கோணம் போடுமா? ஹரியானாவின் பல்லப்கரில் வேலைசெய்த ஆய்வாளர்கள் எழுத்தறிவில்லாதவர்களுக்காக இதை மாற்றி 1995இல் ஓர் இந்தித் தேர்வு வெளியிட வேண்டியிருந்தது அதனால்தான்.

ஆக, நோய் இருந்தும் 'இல்லை' என்று ஒரு அளவுகோல் சொல்கிறது. நோய் இல்லாதவருக்கும் 'இருக்கிறது' என்று இன்னொரு தாள் சொல்லக்கூடும். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். இதற்கு மேல் மூன்றாவது அடி ஒன்று. 2023இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வின் கணக்குப்படி 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் இருக்கிறார்கள். பெண்களிடம், கிராமத்தாரிடம், படிக்காதவரிடம் அது அதிகம். மறதிநோயைத் தள்ளிப்போடக்கூடிய 14 காரணிகளை 2024இல் 'லான்செட்' ஆணையம் பட்டியலிட்டபோது, சிறுவயதில் கல்வி கிடைக்காமை அதில் ஒன்று. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கேட்காத காது, தெரியாத கண் ஆகியவையும் அதில் உண்டு. சாதி யாருக்குப் பலகையும் பல்பமும் மறுத்ததோ, அந்த மறுப்பு அறுபது வருஷம் கழித்து மூளையில் வந்து உட்காருகிறது. இதைச் சொல்வதற்கு எந்த உருவகமும் தேவைப்படவில்லை.

4

இந்த எண்களுக்குப் பின்னாலிருக்கும் அலைச்சலை எனக்குத் தெரிந்த ஒரு வழியில் சொல்கிறேன். எங்கள் பெரியத்தை திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஐம்பது வருஷம் வேலைசெய்தவர். 2016 வாக்கில் சுருக்குப்பையை எங்கோ வைத்துவிட்டு, 'எங் காச மருமவ எடுத்துட்டா' என்று தெருவில் நின்று சொல்ல ஆரம்பித்தார். பொழுது சாய்ந்தால் சொந்த வீட்டிலிருந்துகொண்டே 'வூட்டுக்குப் போவணும்' என்று கிளம்பிவிடுவார். பணத்தைத் திருடிவிட்டதாகச் சந்தேகப்படுவதும், அந்தி நேரத்தில் தவிப்பு கூடுவதும் இந்த நோயில் மிகச் சாதாரணம் என்று பிற்பாடு ஒரு மருத்துவர் சொன்னார். தெரு அப்படிச் சொல்லவில்லை. 'அவ என்னா கொடும பண்றாளோ' என்றது.

முதலில் மந்திரிப்பு. பிறகு டவுனில் ஒரு டாக்டர்: 'எழுபத்தஞ்சு வயசுல வேற எப்படி இருப்பாங்க?' சத்து மாத்திரை. பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர்: ஸ்கேன், 'மூளை சுருங்கியிருக்கு', மாத்திரை, மூன்று மாதம் கழித்து வரவும். ராத்திரி தூங்காமல் கத்துகிறாரே என்றதற்கு, 'அதுக்கு மனநல டாக்டரத்தான் பாக்கணும்.' மனநல மருத்துவமனை ஒன்றுக்குப் போனால், 'இது மூளை சம்பந்தப்பட்டது, நியூரோ பாத்தாச்சா?' கடைசியில் கத்தல் நிற்க ஒரு மாத்திரை எழுதப்பட்டது. கத்தல் நின்றது. நடையும் நின்றது. பத்தாம் நாள் கொல்லையில் விழுந்தார்.

இந்த அலைச்சலில் ஒரு இடம் வேறுமாதிரி இருந்தது. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் மனநலப் பிரிவு. கூட்டம் நெரிந்தது, உட்கார பெஞ்சு இல்லை. அங்கிருந்த மருத்துவர் தேதியும் பிரதமர் பெயரும் கேட்டுவிட்டு, பதில் வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'கலத்துக்கு எத்தனை மரக்கால், ஆயா?' என்று கேட்டார். அத்தை வெகுநேரம் யோசித்தார். விரலை மடக்கினார். வரவில்லை. 'மாவுக்கு எத்தனை குழி?' அதுவும் வரவில்லை. பன்னிரண்டும் நூறும் அவர் கையிலேயே இருந்த எண்கள். கூட வந்த மகன் முகம் மாறிப்போனது. ஸ்கேனைப் பார்த்து நம்பாதவர் அப்போதுதான் நம்பினார். ஒரு மனிதரின் இழப்பை அவரவர் வாழ்க்கையின் அளவையைக் கொண்டுதான் அளக்க முடியும். 10/66 குழு புள்ளிவிவரத்தில் சொன்னதை அந்த மருத்துவர் ஒரு மரக்காலில் சொல்லிவிட்டார்.

அவர் அதன்பிறகு செய்ததுதான் சிகிச்சை என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். தைராய்டு, பி12 பார்க்கச் சொன்னார். கத்தலுக்குக் கொடுத்த மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். சிறுநீரில் தொற்று இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார். பிறகு மருமகளை உட்காரவைத்துக் கால்மணி நேரம் பேசினார். 'இது உன் குத்தம் இல்லம்மா. அவங்க வேணும்னு சொல்லல. எதுத்துப் பேசாத, தேடித் தர்றேன்னு சொல்லு.' அத்தை குணமாகவில்லை. குணமாகாது என்றும் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அந்த மருமகள் மூன்று வருஷத்தில் முதல்முறையாக அன்றைக்குத்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாள்.

5

மருந்து பற்றி மயக்கமில்லாமல் பேச வேண்டும். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் என்ற நான்கும் நோயை நிறுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் அன்றாடத்தைக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். 2023இல் லெகானெமாபும் 2024இல் டொனானெமாபும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. 'மருந்து கண்டுபிடிச்சாச்சு' என்று பத்திரிகைகள் எழுதின. இவை மூளையிலுள்ள அமிலாய்டு படிவை நீக்குகின்றன, சரிவைச் சற்றே தாமதப்படுத்துகின்றன. ஆரம்ப நிலையிலுள்ளவருக்கு மட்டும்தான். படிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும், நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நோய் இருப்பதே தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு 'ஆரம்ப நிலை' என்று ஒன்று வாய்ப்பதில்லை.

மாறாக, திருப்பக்கூடிய மறதிகள் உண்டு. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மூளை உறையடியில் தேங்கிய ரத்தம், மனச்சோர்வு, தொற்றால் வரும் திடீர்க் குழப்பம், ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளின் பக்கவிளைவு. இவற்றில் பலவற்றை மாவட்ட மருத்துவமனையிலேயே கண்டுபிடிக்கலாம். 'வயசாயிடுச்சு' என்ற சொல் கொல்வது இவர்களைத்தான். குணப்படுத்த முடியாத நோயைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அடுத்தது அந்த அடக்கும் மாத்திரை. மனச்சிதைவுக்கான மருந்துகளை மறதிநோயுள்ள முதியவருக்குக் கொடுத்தால் மரண ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இல் எச்சரித்தது. 2008இல் பழைய மருந்துகளுக்கும் அதை விரித்தது. கொடுக்கவே கூடாது என்பதில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகும் கட்டத்தில், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, திரும்பத் திரும்பப் பரிசீலித்துக் கொடுக்கலாம். கத்துகிறவருக்கு வலியா, மலச்சிக்கலா, பசியா, பயமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். பார்க்க ஆளில்லாத இடத்தில் சீட்டு எழுதப்படுகிறது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அதன்பின் சங்கிலிக்கு எதிராக எல்லோரும் பேசினோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. சரிதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சங்கிலி சீட்டில் எழுதப்பட்டு மருந்துக்கடையில் கிடைக்கும்போது அதை யார் எண்ணுகிறார்கள்? அதற்குத் தீப்பிடிப்பதில்லை, செய்தியாவதில்லை.

இந்தச் சட்டத்தை நம் தோழர்கள் படிக்க வேண்டும் என்பேன். மனநோய்க்கு அது தரும் வரையறையில் சிந்தனை, மனநிலை, புலனறிவு ஆகியவற்றோடு திசையறிவும் நினைவும் இருக்கின்றன. அதாவது அல்சைமர் நோயாளிக்கு இந்தச் சட்டத்தின் உரிமைகள் எல்லாம் பொருந்தும். அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் மனநலச் சேவையைக் கேட்டுப் பெறுவது ஓர் உரிமை. தெளிவு இருக்கும்போதே, பின்னால் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது, என் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதிவைப்பது இன்னொன்று. தெளிவு போய்விடும் என்று முன்கூட்டியே தெரியும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மறதிநோய் என்று தனிப்பெயர் இல்லை. ஆனால் மனநோய்க்கு அதே வரையறை அங்கும் இருக்கிறது. கதவு பூட்டியில்லை. தட்டுவதற்கு ஆள் வேண்டும்.

6

லாரன்ஸ் கோஹன் என்ற மானிடவியலாளர் பனாரஸில் களப்பணி செய்து 1998இல் ஒரு நூல் எழுதினார். புத்தி தடுமாறிய கிழவரைப் பார்த்தால் இங்கே மூளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, குடும்பத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அதில் ஒரு முக்கியமான கவனிப்பு. நல்ல குடும்பமாக இருந்தால் ஏன் இப்படி ஆகப்போகிறது? கூட்டுக்குடும்பம் சிதைந்தது, மேற்கத்திய நாகரிகம் வந்தது, மருமகள் சரியில்லை. கோவாவில் நடந்த ஓர் ஆய்விலும் (2001) மறதிநோயின் அறிகுறிகளுக்குக் குடும்பத்தின் புறக்கணிப்பைக் காரணமாகச் சொன்னார்கள். நம் பட்டிமன்றங்களின் நிரந்தரத் தலைப்பு இது.

இந்தக் குடும்பச் சொல்லாடல் இரண்டு காரியம் செய்கிறது. நோயை ஒழுக்கக்கேடாக மாற்றுகிறது. அந்த ஒழுக்கக்கேட்டை ஒரு பெண் தலையில் இறக்குகிறது. திருச்சூர்ப் பகுதியில் கே.எஸ். ஷாஜியும் சகாக்களும் பராமரிப்பவர்களைச் சந்தித்து எழுதியபோது (2003), அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் மருமகள்கள். குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது, ராத்திரி விழித்திருப்பது, அடி வாங்குவது எல்லாம் அவர்கள். தாயன்பு, குடும்பப் பாசம், தமிழ்ப் பண்பாடு என்று நாம் புகழும் பொருளின் பெயர் கூலியில்லா வேலை. அவள் கூலிக்குப் போவதை நிறுத்தினால்தான் அது நடக்கும். நகரத்தில் பணமுள்ளவர்கள் ஏஜென்சி மூலம் ஆள் வைக்கிறார்கள். அப்படி வருகிறவளும் ஒரு ஏழைப்பெண்தான். அவள் வீட்டுக் கிழவியை யார் பார்க்கிறார்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

'அப்போ முதியோர் இல்லம்தானா?' என்று உடனே ஒரு குரல் வரும். குடும்பமா, இல்லமா என்ற இந்த எதிர்வே பொய். இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்து 2008இல் முடிவு வந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். நோய் என்ன, எப்படிப் பேசுவது, எப்படிக் குளிப்பாட்டுவது, எந்த அரசு உதவியைக் கேட்பது என்று சொல்லித் தந்தார்கள். தேவையானபோது மனநல மருத்துவர் உதவினார். பராமரிப்பவர்களின் மனநிலை கணிசமாகத் தேறியது. கொச்சியில் 1992இல் தொடங்கிய அல்சைமர் சங்கமும் சென்னையில் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் மறதிநோய்ப் பணிகளில் இருக்கின்றன. வழி தெரியாமல் இல்லை. தொண்டு நிறுவனத்தின் கைக்கெட்டும் தூரத்தில் பிறக்காதவருக்கு அந்த வழி எட்டவில்லை என்பதுதான் பிரச்சினை.

7

ஆகவே கோரிக்கைகளாகவே வைக்கிறேன். கட்டுரையில் கோரிக்கை வைப்பது அழகில்லை என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வழியை 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த மாநிலத்தில் உருவாக்கியது. வீட்டுப்படி ஏறுகிறவர் வீட்டிலுள்ள முதியவரைப் பற்றி நான்கு கேள்வி சேர்த்துக் கேட்க முடியும். வழி தவறுகிறாரா, சொன்னதையே சொல்கிறாரா, முன்பு தானாகச் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டார், யார் இவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் வாரத்தில் ஒரு நாளாவது நரம்பியலும் மனநலமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்; நோயாளி இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பந்தாகக் கூடாது. அடக்கும் மருந்து எழுதினால் நிறுத்தும் தேதியும் சீட்டில் இருக்க வேண்டும். பராமரிப்பவருக்கு உதவித்தொகை வேண்டும். அது கருணை அல்ல, நிலுவைக் கூலி. விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் இவற்றைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காதவரை இது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் நோயாகவே இருந்துகொண்டிருக்கும்.

எழுதுகிறவர்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. முப்பது வருஷமாக நாம் நினைவைக் கொண்டாடிவருகிறோம். வாய்மொழி வரலாறு, அடித்தள மக்களின் நினைவு, பாட்டிகளின் கதைகள், நடவுப் பாடல்கள். ஆவணங்களில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு நினைவுதான் ஆவணம் என்று எழுதினோம். அது சரியான அரசியல்தான். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சொல்ல முடிந்த கிழவிதான் நம் கணக்கில் வருகிறாள். அவள் தகவலாளி. பாட்டை மறந்துவிட்டவள், ஒரே வாக்கியத்தை நாற்பது முறை சொல்கிறவள், மகனைப் பார்த்து 'நீ யாரு தம்பி' என்கிறவள் வந்ததும் ஒலிப்பதிவுக் கருவி அணைக்கப்படுகிறது. நினைவுக்காக மட்டுமே ஒருவரை மதிப்பது என்றால், தலைமைச் செயலகத்து அதிகாரிக்காக அழும் சினிமாவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

நினைவு போனபின்னும் ஒருவர் குடிமகளாக இருக்கிறார். வலிக்கிறது, பசிக்கிறது, சில குரல்கள் பிடிக்கின்றன, சில கைகள் பிடிக்கவில்லை. அவருக்கு வரவேண்டிய சிகிச்சை அவர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதற்கான கூலி அல்ல. அந்த 0.3 ஒரு நோயின் அளவு என்று படித்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நாம் எத்தனை பேரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதன் அளவு என்று படித்தால் செய்வதற்கு வேலை இருக்கிறது.